தாயத்துக்குள் இருந்தது

மரக்காணம்
10.3.2024

அன்பு மகள் நிவேதாவுக்கு அப்பா கலியமூர்த்தி எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மா விருத்தாம்பாளும் உடம்பளவில் சுகம். கோயம்புத்தூரில் நீயும் மாப்பிள்ளை செந்தமிழும் சுகமாக இருக்க வேண்டும்.

சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு அப்பா எதற்குக் கவர் வாங்கி எழுதுகிறார் என்று சிரிப்பாய். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், அம்மா பிடுங்கி வைத்துவிடுகிறாள். கடிதத்தில் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பாத்தியில் உப்பு பூக்க ஆரம்பித்துவிட்டது. போன வருஷம் சரவணன்தான் மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைத்தான். இப்போது கொளஞ்சியை வைத்திருக்கிறேன். மோட்டார் சத்தம் கேட்டால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறாள். தை மாதம் ஈசிஆரில் அந்த லாரி வராமல் இருந்திருந்தால் உன் தம்பிக்கு வருகிற ஆவணியில் இருபத்து மூன்று முடிந்திருக்கும்.

நான் எழுத வந்த விஷயம் வேறு. எரிப்பதற்கு முன்னால் அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள் அல்லவா, அதிலிருந்த வெள்ளித் தாயத்தை என் கையில் கொடுத்தார்கள். அவன் பிறந்து விழுந்த தொப்புள்கொடியை உள்ளே வைத்து உன் அம்மா கட்டியது. கூட்டாளிகள் கேலி செய்தும் கழற்றாமல் கட்டியிருந்தான். தொப்புள்கொடியில்தான் ஸ்டெம் செல் இருக்கிறது, அது தெரிந்துதான் நம் முன்னோர்கள் தாயத்தில் வைத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. உண்மையா? நீ குழந்தை இல்லாதவர்களுக்குக் குழந்தை உண்டாக்கும் லேபில் வேலை செய்கிறாய். உனக்குத் தெரியாதது இருக்காது. அந்தக் கொடியிலிருந்து அவனை மறுபடி உண்டாக்க முடியுமா? கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதாக நினைக்காதே. யோசித்து எழுது.

அப்பா


கோயம்புத்தூர்
18.3.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். சர்க்கரை மாத்திரையை நீங்கள் மறக்காமல் போட வேண்டும். அம்மா ராத்திரி சாப்பிடாமல் படுத்தால் எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். கடிதத்திலும் அழ முடியும் அப்பா, உங்களுக்குத்தான் தெரியாது.

முடியாது. பிறந்த நிமிஷத்தில் கொடியிலிருந்து எடுக்கும் ரத்தத்தை உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள், அது உண்மை. அதுவும் சில நோய்களுக்கு மருந்தாகத்தான், ஆளை உண்டாக்க அல்ல. தாயத்தில் இருப்பது காய்ந்த தோல். அதில் உயிருள்ள செல் ஒன்றுகூடக் கிடையாது. நம் வீட்டுக் கூரையில் காய்கிற கருவாட்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஊறும், நீந்தாது. சரவணன் விஷயத்தில் இப்படி ஒரு உதாரணம் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது. ஆனால் பூசி மெழுகினால் நீங்கள் வேறு யாரிடமாவது போய்க் கேட்பீர்கள்.

அந்தத் தாயத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அது போதும்.

உங்கள் நிவேதா


மரக்காணம்
7.4.2024

அன்பு மகளுக்கு அப்பா. நாங்கள் இருக்கிறோம். நீங்கள் சுகம்தானே.

கருவாட்டைப் பற்றி மீன் தின்கிறவனுக்கே பாடம் எடுக்கிறாய். சரி, படித்தவள்.

ஆனால் உன் லேப் மட்டும் உலகம் இல்லை. சிவப்பிரகாசம் என்று ஒருவரைத் திண்டிவனத்தில் பார்த்தேன். கோட்டும் சூட்டும் இல்லை, என்னைப் போல வேட்டிதான். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். நான் பேசுவதற்கு முன்னாலேயே அவர் கண் கலங்கிவிட்டது. வெளிநாட்டு டாக்டர்கள் ரகசியமாகச் செய்கிறார்களாம், காய்ந்த கொடியிலிருந்தும் எடுக்கிறார்களாம். வெள்ளைக்காரன் க்ளோனிங்கில் ஆட்டைச் செய்தான். வடக்கே கர்நாலில் எருமையைச் செய்தார்கள், பேப்பரிலேயே வந்தது. எருமைக்கு முடியும், என் பிள்ளைக்கு முடியாதா?

சட்டம் என்று ஆரம்பிப்பாய். தெரியும். நீ செய்கிற வேலையைக்கூட ஒரு காலத்தில் பாவம் என்றுதான் சொன்னார்கள். கண்ணாடிக் குழாயில் பிள்ளை பெறுவதாவது என்று ஊரே சிரித்தபோது, என் மகள் சாமி வேலை செய்கிறாள் என்று டீக்கடையில் சொன்னவன் நான். இப்போது அதே சாமி வேலையை அப்பனுக்காகச் செய் என்றால் கசக்கிறது.

அவன் முகத்தை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

அப்பா


கோயம்புத்தூர்
15.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வெயில் ஏறிவிட்டது, மத்தியானத்தில் பாத்திக்குப் போகாதீர்கள். எங்கள் உடம்புக்குக் குறையில்லை.

அந்த ஆள் ஏமாற்றுக்காரன். பிள்ளையைப் பறிகொடுத்தவன் என்பதும் பொய்யாக இருக்கும். எங்கேயோ வாங்கிய, இல்லை திருடிய ஒரு குழந்தையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு இதுதான் சரவணன் என்பான். நீங்களும் நம்புவீர்கள்.

சரி, உண்மையாகவே முடியும் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஆட்டைச் செய்வதற்கு எத்தனை கரு செத்தது, இப்படிச் செய்ததில் எத்தனை குட்டி ஊனமாகப் பிறந்தது என்று அந்த ஆள் சொல்லியிருக்க மாட்டான். அதையும் விடுங்கள். முழுசாகவே ஒரு பிள்ளை பிறக்கிறான். கிளியனூர்ச் சித்தப்பா வீட்டு இரட்டைப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து வந்தவர்கள், ஒரே முகம். ஒருத்தன் வாத்தியார். ஒருத்தன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. முகத்தை வைத்து ஆளைச் செய்ய முடியாது அப்பா.

அந்தப் பிள்ளை தண்ணீரைப் பார்த்துப் பயந்தால், "சரவணன் பயப்பட மாட்டானே" என்பீர்கள். கணக்கில் நூறு வாங்கினால், "சரவணனுக்குக் கணக்கு வராதே" என்று முகம் சுருங்குவீர்கள். இருபத்திரண்டு வயதில் அவனை பைக்கைத் தொட விடுவீர்களா? இருபத்து மூன்று ஆனதும் அவனை யாராக இருக்கச் சொல்வீர்கள்? செத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு பிறப்பதும் ஒரு பிறப்பா?

இன்னொன்று. போனில் அம்மாவிடம் தாயத்தைப் பற்றிக் கேட்டேன். குழம்பு தீய்கிறது என்று வைத்துவிட்டாள். அவளை இதில் இழுத்து வருத்தாதீர்கள்.

நிவேதா


மரக்காணம்
2.6.2024

அன்பு மகள் நிவேதாவுக்கு அப்பா ஆசீர்வாதம். இருவரும் சுகமாக இருங்கள். எனக்கு முட்டிவலி, அம்மாவுக்குத் தூக்கமில்லை. மற்றபடி நலம்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. ஒரு விஷயத்தை எப்படிக் கேட்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன்.

சிவப்பிரகாசம் சொல்கிறார், கருவை வைக்க ஒரு வயிறு வேண்டும். வெளிப் பெண்ணை வைத்தால் நாளைக்குப் பிள்ளையைத் தர மாட்டேன் என்பாள். அதுவும் ரத்த சொந்தமாக இருந்தால் நன்றாகத் தங்குமாம். உன் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. இருப்பது நீ ஒருத்திதான்.

கோபப்படாதே, முழுக்கப் படி. உனக்கு இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. அதை நினைத்து நானும் அழுதிருக்கிறேன். இது தங்கிவிட்டால் உன் மடியும் நிறையும், என் வீடும் நிறையும். அவன் சின்னதில் உன் இடுப்பை விட்டு இறங்க மாட்டான். நீ ஸ்கூலுக்குப் போகும்போது உன் தாவணியைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடிவருவான். அந்தப் பிள்ளையைச் சுமக்க உனக்குக் கசக்குமா? மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன். அவர் நல்லவர், புரிந்துகொள்வார்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்
அப்பா


மரக்காணம்
11.7.2024

நிவேதா,

சுகமா? பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. மாப்பிள்ளை எடுத்து, "தூங்குகிறாள்" என்கிறார். காலையில் கேட்டாலும் தூங்குகிறாள், சாயந்திரம் கேட்டாலும் தூங்குகிறாள். லேபுக்கும் போகவில்லையாமே. உடம்புக்கு ஏதாவதா? முடியும் முடியாது என்று ஒரு வரி எழுது. நாள் போகிறது.

அப்பா


கோயம்புத்தூர்
28.7.2024

அப்பாவுக்கு,

நான் நலம். லீவில் இருக்கிறேன். ஸ்பிரிட் வாடை ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். நீங்கள் முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலைந்து தடவை கிழித்துப்போட்டேன். எனக்கு உங்கள்மேல் கோபம். இதுவரை வந்ததே இல்லாத கோபம். என் குழந்தைகள் தங்காமல் போனதை ஒரு காலி இடம் மாதிரி எண்ணி, அதில் சரவணனைக் குடிவைக்கப் பார்க்கிறீர்கள். அவன் பிறந்தால் என்னை என்னவென்று கூப்பிடுவான்? அக்கா என்றா, அம்மா என்றா? உங்களை அப்பா என்றா, தாத்தா என்றா? செந்தமிழை மாமா என்பானா, அப்பா என்பானா? ஒரு பிள்ளை வாயைத் திறந்து கூப்பிடக்கூட வழியில்லாமல் செய்துவிட்டு, அதற்குப் பெயர் பாசமா?

லேபில் எத்தனையோ கருக்களை என் கையால் எடுத்து வைத்திருக்கிறேன். அதன் அப்பா அம்மா யார் என்று எழுதியிருக்கும். ஆனால் அது யார் என்று யாருக்கும் தெரியாது. குழந்தைக்கு நாம் கொடுக்கிற முதல் சொத்தே அதுதான். அதைப் பிடுங்கிக்கொண்டு பிறக்கவைப்பது பாவம். செல்லத் தம்பிக்காகக்கூட அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன்.

நானும்தான் அவனை இழந்தேன் அப்பா. உங்கள் வீட்டில் ஒரு பிள்ளைதான் செத்தது. இன்னொன்று இருக்கிறது.

நிவேதா


மரக்காணம்
20.8.2024

நிவேதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஊரான் பிள்ளைக்கெல்லாம் உன் கை நீளும், உடன்பிறந்தவனுக்கு நீளாது. தெரிந்துகொண்டேன். உப்பில் காலை வெட்டிக்கொண்டு படிக்கவைத்ததற்கு நல்ல பதில்.

சிவப்பிரகாசமே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டார். கஷ்டப்படுகிற குடும்பம், ஒத்துக்கொண்டுவிட்டாள். புரட்டாசி பிறப்பதற்குள் நல்ல நாள் பார்த்துத் தாயத்தை அவர் கையில் கொடுக்கப்போகிறேன். உன்னிடம் கேட்க இனி ஒன்றும் இல்லை. நீ வர வேண்டாம்.

கலியமூர்த்தி


மரக்காணம்
1.9.2024

நிவேதா கண்ணு,

அம்மா எழுதறன். அஞ்சாவது படிச்ச கையெழுத்து, பாத்து படிச்சிக்க. போன்ல சொன்னா அவுரு காதுல வுழும். கொளஞ்சிகிட்ட குடுத்து தபால்ல போட சொல்றன்.

ஒடம்பு எப்பிடி இருக்குது? வாந்தி நின்னுச்சா? மாடிப்படி ஏறாத. வெயிட்டு தூக்காத. நீ சொன்ன மாதிரியே அப்பாவுக்கு இன்னும் சொல்லல. சொன்னா, சரவணன் வந்துட்டான்னு நாளைக்கே பஸ் ஏறி வந்து ஒன் வவுத்துக்கு பேர் வச்சிடுவாரு. நீ பயந்தது சரிதான். இந்த வாட்டி நல்லபடியா தங்கணும், அங்காளம்மனுக்கு வேண்டிகினு இருக்கறன்.

கண்ணு, ஒரு விசயம். இத்தினி வருசமா யாருக்கும் சொல்லல. அந்த தாயத்துல இருக்கறது அவன்து இல்ல. ஒன்னுது.

அவனுக்கு கொடி வுழுந்தப்ப மாடத்துல காய வச்சன். எலி தூக்கிம்போச்சா, காக்கா தூக்கிம்போச்சா, காணம். ஒங்க அப்பாவ பெத்த ஆயா ஆம்பளப்புள்ள பொறந்துடுச்சின்னு வெள்ளில தாயத்து அடிச்சி கொண்டாந்து எங்கடி கொடின்னு நின்னாங்க. தொலச்சிட்டன்னு சொன்னா என்ன பொறந்த வூட்டுக்கு தொரத்தி இருப்பாங்க. நீ பொறந்தப்ப பொட்டப்புள்ளைக்கு எதுக்கு வெள்ளின்னுட்டாங்க. ஒன்னுத தூக்கிப்போட மனசு வராம மஞ்சத்துணில முடிஞ்சி பொட்டில வச்சிருந்தன். அத எடுத்து அவன் தாயத்துல போட்டு மூடிட்டன். அவன் இடுப்புல இருவத்திரண்டு வருசமா நீதான் இருந்த.

அவன போவ வுட்டது இந்த பொய்தானோன்னு தெனம் வேவறன். நான் சொன்னா அவுரு என்ன உசுரோட வுட மாட்டாரு. நீ சொன்னா சொல்லு, வாணான்னா வுட்டுடு. ஆனா எவளோ ஒரு பொண்ண இதுல இழுக்கறாங்கன்னு கேட்டதுலேந்து சோறு எறங்கல.

அம்மா


கோயம்புத்தூர்
6.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடம்பும் மனசும் சற்று ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன்.

இதை உட்கார்ந்து படியுங்கள். தாயத்துக்குள் இருப்பது சரவணனின் கொடி இல்லை. அவனுடையது காயவைத்த இடத்திலேயே காணாமல் போய்விட்டது. ஆயாவுக்குப் பயந்து அம்மா, எடுத்துவைத்திருந்த என் கொடியை அதற்குள் போட்டு மூடிவிட்டாள். பயத்தில் செய்தது. அதற்காக அம்மாவை நீங்கள் ஒரு சொல் சொன்னாலும் நான் பொறுக்க மாட்டேன். அவன் செத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவளிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஆள் உங்களை ஏமாற்றக் கூடாது, இன்னொரு பெண்ணின் உடம்பு இதில் சீரழியக் கூடாது. இன்னொரு காரணமும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எட்டு மாதமாக அந்தத் தாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறீர்கள். தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அதற்குள் இருந்த உயிர் எங்கேயும் போகவில்லை அப்பா. இதோ கோயம்புத்தூரில் உட்கார்ந்து உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறது. கூப்பிட்டால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடும்.

கூப்பிடுங்கள்.

உங்கள் நிவேதா


மரக்காணம்
2.10.2024

அன்பு மகள் நிவேதாவுக்கு அப்பா ஆசீர்வாதம். இங்கே நாங்கள் சுகம். நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே ஓடிப்போய் சிவப்பிரகாசத்தைப் பார்த்தேன். பெண்ணுடைய கொடி என்றால் பெண்தான் வரும் என்று அவரே ஒத்துக்கொண்டார். அதோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். வேறு ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள், பல், சீப்பு எதுவானாலும் பரவாயில்லை என்றார். எல்லாம் அவனோடு எரித்தாயிற்று என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தாயத்து இன்னும் அவர் கைக்குப் போகாதது நம் நல்ல காலம்.

சமயத்தில் சொன்னாய் மகளே. நீ எழுதிய பாவம், அந்தக் குழந்தையின் மனசு, எதுவும் எனக்குள் ஏறவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். இது மட்டும் ஒரே நொடியில் ஏறிவிட்டது. நினைத்துப் பார். இத்தனை பேரிடம் கெஞ்சி, ஊர் கண்ணில் படாமல் ஒளித்துவைத்து, பத்து மாதம் காத்திருந்து, கடைசியில் துணியை விலக்கிப் பார்த்தால் பெண்ணாக இருந்திருந்தால் என் கதி என்ன? உன்னை ஒரு தடவை பெற்று வளர்த்து ஆளாக்கியாயிற்று. இன்னொரு தடவை உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் பேசவில்லை, அவ்வளவுதான். நீ சொல்லச் சொன்னதையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டாள்.

இப்போது அவனுடையது என்று என்னிடம் எதுவுமே இல்லை. ராத்திரியில் கை தலைமாட்டைத் துழாவுகிறது. காலையில் மாடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பைத்தியக்காரத்தனம்தான், தெரியும்.

தாயத்தை ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் பொருள், உன்னிடமே இருக்கட்டும். கூடவே மாப்பிள்ளைக்கு வஞ்சிரக் கருவாடும் வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் உப்பை மேட்டில் குவித்து ஓலை போட்டு மூட வேண்டும், அதனால் இப்போது கிளம்ப முடியாது. தீபாவளிக்கு முடிந்தால் நீங்கள் வாருங்கள்.

அப்பா


கோயம்புத்தூர்
24.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மழை பலமாக இருக்கும் என்று செய்தியில் சொல்கிறார்கள். உப்பை மூடிவிட்டீர்களா? தீபாவளிக்கு வர முடியவில்லை. பார்சல் அப்போதே கிடைத்தது. கருவாட்டை செந்தமிழ் பொரித்துச் சாப்பிட்டார். எனக்கு அந்த வாடை ஆகவில்லை.

உங்கள் கடிதத்தை அவரிடம்கூடக் காட்டவில்லை. படித்த அன்று அழ வரவில்லை. மறுநாள் கடையில் தேங்காய் வாங்கிக்கொண்டு நிற்கும்போது வந்தது.

தாயத்தைப் பிரித்து உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டேன். வெள்ளியை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். அது சரவணனுக்காக அடித்தது. அவன் இடுப்பில் உரசி உரசி ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, விரலால் தடவிப் பாருங்கள். அந்தத் தேய்மானம் முழுக்க அவனுடையது. அவனுடையது என்று எதுவும் இல்லை என்று இனி எழுதாதீர்கள்.

அப்பா, எனக்கு இது ஏழாம் மாதம். அம்மாவுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். நான்தான் உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றேன், அவளைத் திட்டாதீர்கள். ஜூலையில் நான் பதில் எழுதாமல் படுத்திருந்தது இதனால்தான். குழந்தை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை.

இப்போது உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். தாயத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிடுவீர்கள். வேண்டாம். இது யாரும் திரும்பி வருவது இல்லை. யாரோ ஒருவர் முதல் தடவையாக வருகிறார். இந்த வீட்டில் இன்னொரு உயிரையும் இன்னொருவர் பெயரைச் சொல்லி இடுப்பில் கட்ட நான் விட மாட்டேன்.

மாசியில் பிறக்கும். பெண்ணாகப் பிறந்தால் அன்றைக்கே உங்களுக்கு எழுதுகிறேன். வந்து பாருங்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள். ஆணாகப் பிறந்தால் என்னிடமிருந்து கடிதம் வராது.

மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ஈர வரப்பில் பார்த்து நடங்கள்.

நிவேதா